பழைய ‘மசில் கார்’களில் கார்புரேட்டருக்குப் பதில் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன்: லாபம் என்ன, சிக்கல் எங்கே?

குளிர்காலக் காலை. சாவியைத் திருப்பும் முன் ஆக்ஸிலரேட்டரை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். என்ஜின் இருமும், ஒரு குலுங்கு குலுங்கும், நின்றுவிடும். மறுபடி முயற்சி. ஒருவழியாக ஸ்டார்ட் ஆனாலும், சூடாகும்வரை கிளப்ப முடியாது. கராஜ் முழுக்கப் பெட்ரோல் வாடை. 1960களின் அமெரிக்க ‘மசில் கார்’ வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. பழைய புல்லட்டையோ அம்பாசிடரையோ சோக்கை இழுத்து எழுப்பியவர்களுக்கும் இது நன்றாகவே புரியும்.

இந்தச் சிரமத்துக்கு முடிவு கட்ட, அமெரிக்காவில் பலர் பழைய கார்களின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறுகிறார்கள். சுருக்கமாக ‘இஎஃப்ஐ’. விளம்பரங்களைப் பார்த்தால், ஒரு சனிக்கிழமை மாட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிடலாம் போலத் தெரியும். உண்மையில் இது ஒரு பாகத்தை மாற்றும் வேலை அல்ல. டேங்கில் தொடங்கி சைலன்சர் குழாய் வரை காரின் பாதியைத் தொடும் வேலை. அதில் சட்டம் இருக்கிறது, காரின் சந்தை மதிப்பு இருக்கிறது, நடுவழியில் நின்றால் யார் சரிசெய்வது என்ற கேள்வியும் இருக்கிறது.

மசில் கார் என்றால் என்ன?

நடுத்தர அளவுள்ள சாதாரணக் காரில் மிகப் பெரிய வி8 என்ஜினை வைத்து, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையில் விற்பது. இதுதான் மசில் காரின் சூத்திரம். 1964-ல் வந்த போன்டியாக் ஜிடிஓ இந்த வகையின் தொடக்கமாகப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. 6.4 லிட்டர் என்ஜின். கூடுதல் பணம் கொடுத்தால் வரிசையாக மூன்று கார்புரேட்டர்கள். 1970-ல் வந்த செவர்லே செவெல் எஸ்எஸ் 454 காரின் உச்ச வடிவத்தில் 7.4 லிட்டர் என்ஜினும், அன்றைய கணக்கில் 450 குதிரைத்திறனும் இருந்தன.

ஆட்டம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. இளைஞர்களுக்கான காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. 1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் கடுமையானது. 1973-ல் எண்ணெய்த் தடை வந்தது. 1970களின் நடுப்பகுதிக்குள் மசில் கார்கள் பல்லிழந்தன.

இப்போது இன்னொரு முடிவும் வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் டாட்ஜ் சேலஞ்சர், செவர்லே கமாரோ ஆகிய இரண்டின் உற்பத்தியும் நின்றது. ஃபோர்டு மஸ்டாங் இன்னும் வி8 என்ஜினுடன் வருகிறது. ஆனாலும், ‘இனி இந்த மாதிரி கார் வராது’ என்ற எண்ணம் பழைய கார்கள் மீதான ஆசையைக் கூட்டுகிறது. கார் மூடி வைக்கப்பட்ட காட்சிப் பொருளாக இருக்கக் கூடாது, வேலைக்கும் ஓட்டிப் போக வேண்டும் என்று நினைக்கும் உரிமையாளர்கள்தான் இஎஃப்ஐ பக்கம் பார்க்கிறார்கள்.

கார்புரேட்டர் என்னதான் செய்கிறது?

பெட்ரோல் எரிய வேண்டுமானால் அதைக் காற்றோடு சரியான விகிதத்தில் கலக்க வேண்டும். கலப்படமில்லாத பெட்ரோலுக்கு அந்த விகிதம், எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இந்த வேலையை கார்புரேட்டர் எந்த மின்சாரமும் இல்லாமல் செய்கிறது. காற்று ஒரு குறுகலான வழியில் வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைந்த அழுத்தம், பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலைச் சின்னத் துளை வழியாக இழுத்துத் தெளிக்கும். அந்தத் துளைக்கு ‘ஜெட்’ என்று பெயர். துளையின் அளவுதான் கலவையைத் தீர்மானிக்கிறது.

எளிமையான ஏற்பாடு, ஆனால் சூழல் மாறினால் அதற்குத் தெரியாது. கடல் மட்டத்தில் சரியாக ட்யூன் செய்த காரை 5,280 அடி உயரத்தில் இருக்கும் டென்வர் நகரத்துக்கு ஓட்டிப் போனால், அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது. கலவையில் பெட்ரோல் மிஞ்சும், கரும்புகை வரும், இழுவை குறையும். மெக்கானிக்கிடம் போய் ஜெட்டை மாற்ற வேண்டும். திரும்பி வரும்போது மறுபடி பழைய ஜெட்.

இஎஃப்ஐ அமைப்பில் இந்த வேலையை ஒரு சின்னக் கணினி செய்கிறது. காற்றழுத்தம், வெப்பநிலை, என்ஜின் வேகம், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதையெல்லாம் சென்சார்கள் சொல்லும். கணினி கணக்குப் போட்டு, இன்ஜெக்டரை எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்று முடிவெடுக்கும். எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்பதை இன்னொரு சென்சார் பார்த்துச் சொல்லும். தப்பு நடந்தால் அடுத்த கணமே திருத்தம்.

அந்தக் காலத்திலேயே இன்ஜெக்‌ஷன் இருந்ததா?

இருந்தது. 1957-ல் செவர்லே கார்வெட்டில் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் வந்தது. 283 கன அங்குல என்ஜினில் 283 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள். எலெக்ட்ரானிக் முறையையும் பெண்டிக்ஸ் நிறுவனம் ‘எலெக்ட்ரோஜெக்டர்’ என்ற பெயரில் உருவாக்கியிருந்தது. கிரைஸ்லர் நிறுவனம் 1958 மாடல் கார்களில் அதைப் பொருத்தி விற்றது. சுமார் 35 கார்கள்தான். அன்றைய எலெக்ட்ரானிக் பாகங்கள் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கவில்லை. விற்ற கார்களில் பெரும்பாலானவற்றைத் திரும்ப வாங்கி, இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டு கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள்.

அதாவது, அமெரிக்காவின் முதல் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு நடந்தது தலைகீழ் மாற்றம். பெண்டிக்ஸின் காப்புரிமைகள் பின்னர் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்குப் போயின. பாஷ் அந்தத் தொழில்நுட்பத்தை மேம்படுத்தி, 1967-ல் ஃபோக்ஸ்வாகன் காரில் வெற்றிகரமாகக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் முற்றிலும் மறைய 1990களின் தொடக்கம் ஆனது. அன்று தோற்ற யோசனை பொறுப்பாக வேலை செய்ய, மலிவான சிப்களும் நம்பகமான சென்சார்களும் தேவைப்பட்டன. இன்று இரண்டும் உண்டு.

இப்போது ஏன் இந்த அவசரம்? பெட்ரோலே மாறிவிட்டது

பலரும் கவனிக்காத காரணம் இது. 1968-ல் ஒரு காருக்கு ட்யூன் செய்த பெட்ரோல் இன்றைக்கு பங்க்கில் கிடைப்பதில்லை. அன்று அதில் ஈயம் இருந்தது. சாலை வாகனங்களுக்கான ஈய பெட்ரோல் அமெரிக்காவில் 1996 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. இன்று அங்கே விற்கும் பெட்ரோலில் மிகப் பெரும்பகுதி 10 சதவீத எத்தனால் கலந்த ‘இ10’.

எத்தனால் தன்னுள்ளேயே ஆக்ஸிஜனை வைத்திருக்கிறது. எனவே இ10 பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 14.7 அல்ல, சுமார் 14.1. பழைய ஜெட் அளவிலேயே ஓட்டினால், என்ஜினுக்குப் பெட்ரோல் நான்கு சதவீதம் அளவுக்குப் பற்றாக்குறையாகவே போகும். இன்னொரு தொல்லை, எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். வெயில் நேரத்தில் என்ஜினை அணைத்துவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பினால், கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் கொதித்துப் போயிருக்கும். கார் கிளம்பாமல் அடம் பிடிக்கும்.

அடுத்த கட்டமாக ‘இ15’ பெட்ரோலைப் பரவலாக்கும் முயற்சி அங்கே நடக்கிறது. 2022 முதல் ஒவ்வொரு கோடையிலும் அதை விற்க அவசர அனுமதி தரப்படுகிறது. ஆனால், 2001 மற்றும் அதற்குப் பிந்தைய மாடல் கார்களில் மட்டுமே இ15 பயன்படுத்தலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதி. மசில் கார் எதுவும் அந்தப் பட்டியலில் வராது. இந்தியாவில் 2025-ல் இ20 பெட்ரோல் குறித்துப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எழுப்பிய அதே கேள்விதான் இது: என் வண்டிக்கு இது ஒத்துக்குமா?

இஎஃப்ஐ இதற்குப் பாதிப் பதில் மட்டுமே. பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு இருந்தாலும், கணினி கலவையைத் திருத்திக்கொள்ளும். ஆனால் பழைய ரப்பர் ஹோஸ் கரைவதையோ, எத்தனால் ஈரத்தை ஈர்த்து டேங்க் துருப்பிடிப்பதையோ கணினி தடுக்காது. அந்தப் பாகங்களை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கிட்டில் என்ன இருக்கும்?

ஹோலி, எடல்பிராக், ஃபைடெக் போன்ற நிறுவனங்கள் இத்தகைய கிட்களை விற்கின்றன. இதில் ஹோலி கார்புரேட்டருக்கே பெயர்போன நிறுவனம். பிரபலமான கிட்கள் ‘த்ராட்டில் பாடி’ வகை. பார்க்கப் பழைய கார்புரேட்டர் போலவே இருக்கும், அதே நான்கு போல்ட்டில் உட்காரும். இன்ஜெக்டர்கள், சென்சார்கள், பலவற்றில் கணினி உட்பட எல்லாம் அந்த ஒரே உடலுக்குள். ஏர் ஃபில்டர் மூடியைப் போட்டுவிட்டால் வித்தியாசமே தெரியாது.

இன்னொரு வகை ‘போர்ட் இன்ஜெக்‌ஷன்’. இதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர். எட்டு சிலிண்டருக்கும் சமமாகப் பெட்ரோல் போகும் என்பதால் இது இன்னும் துல்லியமானது. ஆனால் இன்டேக் மேனிஃபோல்டையே மாற்ற வேண்டியிருக்கும். செலவும் வேலையும் அதிகம்.

பொருத்தியதும் ஒரு கையடக்கத் திரையில் என்ஜினின் அளவு, சிலிண்டர் எண்ணிக்கை, கேம் ஷாஃப்ட் எப்படிப்பட்டது போன்ற சில கேள்விகள் வரும். பதில் கொடுத்துவிட்டு ஓட்டத் தொடங்கினால், ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதை வைத்துக் கணினி தானாகவே கற்றுக்கொள்ளும். லேப்டாப், ட்யூனிங் படிப்பு எதுவும் தேவையில்லை என்பதுதான் இந்தக் கிட்களின் பெரிய கவர்ச்சி.

உண்மையான வேலை எங்கே இருக்கிறது?

பானெட்டுக்குக் கீழே இருப்பது சுலபமான பகுதி. சிக்கல் தருபவை மற்ற மூன்று இடங்கள்.

முதலாவது, பெட்ரோல் வரும் பாதை. கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோல் வந்தால் போதும். இந்த வகை இஎஃப்ஐ-க்குப் பெரும்பாலும் 58 பிஎஸ்ஐ அளவில் வேண்டும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐம்பது வருஷத்து ரப்பர் ஹோஸும் சாதாரணக் கிளிப்பும் இதைத் தாங்காது. கசிந்தால் சொட்டாது, பீய்ச்சியடிக்கும். சூடான என்ஜின் மேல் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உயர் அழுத்தத்துக்கான ஹோஸ், அதற்குரிய கிளிப், எலெக்ட்ரிக் பம்ப், ஃபில்டர், பல கிட்களில் மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்ப ஒரு தனி லைன் என எல்லாமே புதிது.

டேங்கையும் விட முடியாது. கார்புரேட்டரின் கிண்ணம் ஒரு சின்னச் சேமிப்பு. வளைவில் திரும்பும்போது டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினாலும், கிண்ணத்தில் இருப்பதை வைத்து என்ஜின் சமாளிக்கும். இஎஃப்ஐ-யில் அந்தச் சேமிப்பு இல்லை. பம்ப் ஒரு கணம் காற்றை இழுத்தாலும் என்ஜின் திக்கும். அதனால்தான் உள்ளே தடுப்புகளும் பம்பும் கொண்ட புது டேங்க் வாங்கிவிடுவது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் குளிர்ச்சியாக இருக்கும், சத்தமும் குறைவு.

இரண்டாவது, மின்சாரம். இந்தக் கார்கள் விளக்கு, ஹாரன், ரேடியோ தவிரப் பெரிதாக எதுவும் கேட்காத காலத்தவை. ஆல்டர்னேட்டர் சின்னது, சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும்போது அது தரும் மின்சாரம் இன்னும் குறையும். இப்போது பம்பும் கணினியும் இன்ஜெக்டரும் அதில் பங்கு கேட்கின்றன. பல கார்களில் எர்த் வயர் துருப்பிடித்துப் பாதி செத்திருக்கும். ஸ்பார்க் பிளக் வயரிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் கணினியைக் குழப்பும். ‘கிட் சரியில்லை’ என்று புலம்பும் பலருக்கு உண்மையில் தகராறு வயரிங்கில்தான் இருக்கிறது.

மூன்றாவது, புகைக் குழாய். ஆக்ஸிஜன் சென்சாருக்காகக் குழாயில் துளையிட்டு, ஒரு வளையத்தை வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் எங்காவது சின்னக் கசிவு இருந்தால், வெளிக்காற்று உள்ளே நுழையும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்துவிட்டு ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்லும். கணினியும் நம்பி, மேலும் மேலும் பெட்ரோலை ஊற்றும். ஒரு பிளக் சரியாக எரியாமல் போனாலும் இதே கதை. தானாகக் கற்றுக்கொள்ளும் கணினி, தப்பான தகவல் கொடுத்தால் தப்பைத்தான் கற்றுக்கொள்ளும்.

எனவே, என்ஜினில் ஏற்கெனவே இருக்கும் கோளாறுக்கு இஎஃப்ஐ மருந்தல்ல. முதலில் இக்னிஷனையும் காற்றுக் கசிவையும் சரிசெய்துவிட்டுத்தான் கிட்டைப் பிரிக்க வேண்டும்.

செலவு எவ்வளவு, கிடைப்பது என்ன?

நல்ல புதிய கார்புரேட்டர் சில நூறு டாலர். த்ராட்டில் பாடி கிட் சுமார் 1,000 முதல் 2,000 டாலர். டேங்க், பம்ப், ஹோஸ், வயரிங், கூலி எல்லாம் சேர்த்தால் மொத்தச் செலவு 3,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். விளம்பர விலையை மட்டும் பார்த்து இறங்குபவர்கள் பாதியில் திணறுவது இதனால்தான்.

‘பவர் கூடுமா?’ என்பது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பெரிதாகக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து ஓட்டும்போது, நன்றாக ட்யூன் செய்த கார்புரேட்டர் கிட்டத்தட்ட அதே குதிரைத்திறனைக் கொடுக்கும். 1970-ன் 450 குதிரைத்திறன் செவெல் கார்புரேட்டரில் ஓடியதுதானே. மைலேஜும் அப்படித்தான். முன்பு கலவை தாறுமாறாக இருந்த காரில் முன்னேற்றம் தெரியும். ஏற்கெனவே சரியாக இருந்ததில் கொஞ்சம்தான். 7 லிட்டர் என்ஜின் என்ன செய்தாலும் 7 லிட்டர் என்ஜின்தான். மைலேஜ் மிச்சத்தை வைத்துப் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் அது நடக்காது.

உண்மையான பலன் அன்றாட ஓட்டத்தில். குளிரில் உடனே ஸ்டார்ட். வெயிலில் நிறுத்தி எடுத்தாலும் ஸ்டார்ட். அதிக அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் லேசில் ஆவியாகாது. மலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே சீரான ஓட்டம். பெட்ரோல் வாடை குறைவு. ஒரு பாதுகாப்பும் உண்டு: என்ஜின் நின்றுவிட்டால் கணினி பம்பையும் நிறுத்திவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் ஒரு முரண். அமெரிக்காவில் வாகனத்தின் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பை மாற்றுவது தூய காற்றுச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் விதிகள் இன்னும் கடுமை. அங்கே 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. 1976 மாடலிலிருந்து, எவ்வளவு பழசானாலும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. அதில் குழாயில் வரும் புகையை மட்டும் அளப்பதில்லை. தொழிற்சாலையில் வைத்த பாகங்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று பானெட்டைத் திறந்தும் பார்ப்பார்கள்.

ஒருவரிடம் 1968 கமாரோவும், இன்னொருவரிடம் 1977 போன்டியாக் டிரான்ஸ் ஆமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே இஎஃப்ஐ கிட்டைப் பொருத்துகிறார்கள். இருவரின் புகையும் முன்பைவிடச் சுத்தம். முதல் காரை யாரும் பரிசோதிக்கப் போவதில்லை. இரண்டாவது கார், அந்தக் கிட்டுக்கு கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் அனுமதி எண் இல்லையென்றால், குழாயில் சுத்தமான புகை வந்தாலும் கண் பரிசோதனையிலேயே தோற்றுப்போகும்.

பரிசோதனை இல்லை என்பதற்காக 1968 காருக்கு எல்லாம் அனுமதி என்றும் அர்த்தமில்லை. கலிஃபோர்னியாவில் 1966 மாடலிலிருந்தே புகைக் கட்டுப்பாட்டு விதிகள் உண்டு. அந்த வருடம் முதலான கார்களில் மாட்டும் பாகத்துக்கும் அனுமதி வேண்டும். கேட்க ஆளில்லை என்பதுதான் வித்தியாசம்.

இந்த விதியைத் தளர்த்த 2025-ல் ஒரு முயற்சி நடந்தது. செனட்டர் ஷானன் குரோவ் ‘எஸ்பி 712’ மசோதாவைக் கொண்டுவந்தார். தொலைக்காட்சிப் பிரபலமும் கார் சேகரிப்பாளருமான ஜே லெனோ ஆதரித்ததால் ‘லெனோ சட்டம்’ என்றே அழைக்கப்பட்டது. 35 வயதைத் தாண்டிய, சேகரிப்பாளர்களுக்கான தனிக் காப்பீடு எடுத்த கார்களுக்குப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு தருவதே அதன் முதல் வடிவம். மாநில செனட்டில் நிறைவேறிய மசோதா, ஆகஸ்ட் இறுதியில் கீழவையின் நிதிக் குழுவில் நின்றுபோனது.

‘இந்தக் கார்கள் ஓடுவதே வருஷத்துக்குக் கொஞ்ச தூரம்’ என்பது ஆதரவாளர்களின் வாதம். ‘கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத ஒரு பழைய கார், பல புதிய கார்களின் புகையைத் தனியாகக் கக்கும்’ என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருதரப்புமே தொடாத கேள்வி ஒன்று உண்டு. விலக்கு தருவதா வேண்டாமா என்று மட்டுமே பேசினால், சொந்தச் செலவில் பழைய காரின் புகையைக் குறைக்க நினைப்பவருக்கு என்ன வழி? பாகம் அசல்தானா என்பதைப் பார்க்கும் விதி, புகை குறைந்ததா என்பதற்கு மதிப்பெண் கொடுப்பதில்லை.

மதிப்பு குறையுமா?

காரைப் பொறுத்தது. சேகரிப்புச் சந்தையில் ‘அசல்’ என்ற சொல்லுக்குத் தனி விலை. 1968-ன் ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய ஃபோர்டு மஸ்டாங், 2020 ஜனவரியில் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, கட்டணங்களோடு 37.4 லட்சம். பெயிண்ட் உரிந்து, துரு தெரிந்த நிலையில். புதுப்பிக்காமல் விட்டதும் அதன் மதிப்புதான்.

அப்படிப்பட்ட காரிலோ, தொழிற்சாலை எண்கள் எல்லாம் ஒத்துப்போகும் அரிய மாடலிலோ கைவைப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஆனால் என்ஜினும் கியர்பாக்ஸும் ஏற்கெனவே மாற்றப்பட்ட சாதாரண காரில், நன்றாகச் செய்த இஎஃப்ஐ வேலை விற்கும்போது உதவவும் செய்யும். எதுவாக இருந்தாலும் பொதுவான அறிவுரை ஒன்று: கழற்றிய கார்புரேட்டர், பம்ப், பழைய டேங்க் எதையும் தூக்கிப் போடாதீர்கள். த்ராட்டில் பாடி வகையில் திரும்பிப் போகும் வழி திறந்தே இருக்கும்.

நடுவழியில் நின்றால்?

கார்புரேட்டர் மெல்ல மெல்லக் கெடும். இருமும், திக்கும், ஆனாலும் எப்படியோ வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் சாலையோரத்திலேயே சரிசெய்யலாம். இஎஃப்ஐ வருஷக்கணக்கில் தொந்தரவே தராது. ஆனால் பம்போ கணினியோ போனால் அந்த இடத்திலேயே நிற்கும். பாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நீண்டகாலக் கவலை இன்னொன்று. 1965 மாடல் கார்புரேட்டருக்கு இன்றும் ரிப்பேர் கிட் கிடைக்கிறது. இன்றைய கிட்டின் கணினிக்கு இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து மாற்று கிடைக்குமா? ஒவ்வொரு நிறுவனத்தின் சென்சார், மென்பொருள், வயரிங் எல்லாம் தனித்தனி. நிறுவனம் கைமாறினாலோ, அந்த மாடலை நிறுத்தினாலோ, ஐம்பது ஆண்டு தாக்குப்பிடித்த கார் ஒரு சர்க்யூட் போர்டுக்காக நிற்கக்கூடும்.

இந்திய வாசகர்கள் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்த்திருக்கிறார்கள். 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 விதி வந்தபோது, புதிய பைக்குகளும் ஸ்கூட்டர்களும் ஏறக்குறைய ஒட்டுமொத்தமாக எஃப்ஐ-க்கு மாறின. காதால் கேட்டே கார்புரேட்டரை ட்யூன் செய்த தெருமுனை மெக்கானிக் ஸ்கேனர் வாங்க வேண்டியதாயிற்று. ஆனால் இங்கே அந்த முடிவைச் சட்டம் எடுத்தது, வேலையைத் தொழிற்சாலை செய்தது. அமெரிக்க மசில் கார் விஷயத்தில் முடிவும் வேலையும் தப்பு நடந்தால் பழியும் உரிமையாளருடையது.

அப்படியானால் யார் மாற்றலாம்?

காரை வாரத்தில் பல நாள் ஓட்டுபவர்கள், மலையும் சமவெளியுமாகப் பயணிப்பவர்கள், டேங்கையும் வயரிங்கையும் எப்படியும் புதுப்பிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் மாற்றினால் பலன் தெரியும். மாதம் ஒருமுறை கண்காட்சிக்கு மட்டும் எடுப்பவர்களுக்கு, நன்றாக ட்யூன் செய்த கார்புரேட்டரும் எத்தனாலைத் தாங்கும் புது ஹோஸும் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல பிரேக் போடலாம். அரிய அசல் கார் என்றால் தொடாமல் விடுவதே நல்லது. 1976 அல்லது அதற்குப் பிந்தைய கலிஃபோர்னியா கார் என்றால், கிட்டின் அனுமதி எண்ணைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

முடிவெடுப்பதற்கு முன் பானெட்டை அல்ல, காரின் பின்பக்கத்தைத் திறந்து டேங்கையும் ஹோஸையும் எர்த் வயரையும் பாருங்கள் என்பதே அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்வது. அவற்றைச் சரிசெய்த பிறகும் காலையில் கார் அடம் பிடித்தால், அப்போது இஎஃப்ஐ பற்றி யோசிக்கலாம். பலருக்கு, அதற்குள்ளேயே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.